ஆமேர் கோட்டைக்கு நடந்தே போகலாம்

போன வாரம் சித்தி மகன் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பியிருந்தான். “அக்கா, டிசம்பர் லீவுக்கு ஜெய்ப்பூர் போறோம். ஆமேர் கோட்டைக்கு யானை மேலதான் போகணும்னு பசங்க ரெண்டு பேரும் ஒத்தக்கால்ல நிக்கறாங்க. நீங்க போயிருக்கீங்கல்ல? டிக்கெட் அங்கயே எடுத்துக்கலாமா, முன்னாடியே புக் பண்ணணுமா?”

“வேண்டாம்டா, நடந்து போங்க” என்று தட்டினேன். அனுப்பாமல் அழித்துவிட்டேன். ஏன் வேண்டாம் என்று கேட்பான், கேட்கிற பிள்ளைதான். அதற்கு வாட்ஸ்அப்பில் பதில் சொல்லி மாளாது. மூணாறுக்கும் தேக்கடிக்கும் தாய்லாந்துக்கும் டிக்கெட் போடும்போது இதே கேள்வியைக் கேட்கிற வேறு சிலரும் நம் சுற்றத்தில் இருக்கிறார்கள். அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

முதலில் என் கதை. நானும் அந்த யானைமேல் ஏறியவள்தான்.

2012 பிப்ரவரி. கல்யாணம் முடிந்து எட்டு மாதம். ஜெய்ப்பூரிலிருந்து ஆமேர் பதினோரு கிலோமீட்டர். காலையில் ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோதே கீழே வரிசை நீண்டிருந்தது. சவாரி காலையில் மட்டும்தான், வெயில் ஏறிவிட்டால் கிடைக்காது என்று விடுதியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இரண்டு பேருக்கு 900 ரூபாய். யானையின் முதுகு உயரத்துக்கு ஒரு மேடை கட்டியிருக்கிறார்கள். படியேறி அதன்மேல் நின்றால் யானை பக்கவாட்டில் வந்து ஒட்டி நிற்கும், பஸ்ஸில் ஏறுகிற மாதிரி ஏறி உட்கார்ந்துவிடலாம். எங்கள் முறைக்கு வந்தது ஒரு பெண் யானை. பெயர் கேட்டேன். “ரூபா” என்றார் பாகன். நெற்றியிலும் தும்பிக்கையிலும் ரோஜா நிறத்திலும் மஞ்சளிலும் பூவும் கொடியும் வரைந்திருந்தார்கள். முதுகில் சிவப்பு விரிப்பு, அதன்மேல் இரும்புச் சட்டம் போட்ட இருக்கை. அம்பாரி என்ற சொல்லைக் கதைகளில் கேட்டு வளர்ந்தவளுக்கு அதைப் பார்த்ததும் மனசு துள்ளத்தான் செய்தது.

பாதை மேலே ஏற ஆரம்பித்த பிறகுதான் மற்றதெல்லாம் கண்ணில் பட்டது. யானைமேல் உட்கார்ந்தால் நமக்கு நேர் எதிரே தெரிவது அதன் உச்சந்தலை. கீழே நிற்பவர்கள் பார்க்கிற முகத்தில்தான் சித்திரம் எல்லாம். உச்சந்தலையில் ஒன்றும் இல்லை. முள்முள்ளாக முடி நின்ற அந்தத் தோலில், காதுக்குச் சற்று மேலே, ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு ஒரு குழி இருந்தது. குழிக்குள் ஈரம். ஈரத்தில் இரண்டு ஈ. பாகன் கையில் இருந்த கம்பியின் நுனி அந்தக் குழிக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது. அவர் ஓங்கி அடிக்கவில்லை. வளைவு வரும்போதெல்லாம் நுனியைக் கொண்டுபோய் அந்தக் குழியில் வைப்பார். வைத்த உடனே ரூபாவின் உடம்பில் ஒரு சிலிர்ப்பு ஓடும். விரிப்பையும் மெத்தையையும் தாண்டி அது என் தொடையில் தெரிந்தது.

பாதி வழியில், முன்னால் போன யானை மூத்திரம் பெய்து நனைந்து கிடந்த கல்லில் கால் வைக்க ரூபா தயங்கினாள். முன்னங்காலைத் தூக்கினாள், வைக்கவில்லை. தடவிப் பார்த்தாள், எடுத்தாள், மறுபடி தடவினாள். காலுக்கடியில் இருப்பது தாங்கும் என்று தெரியாமல் யானை தன் கனத்தை இறக்காது. பின்னால் வரிசையாக யானைகள் வந்துகொண்டிருந்தன. பாகனுக்கு அவசரம். அப்போதுதான் ஓங்கினார். இரும்பு மண்டையில் பட்ட சத்தம், சந்தையில் தேங்காயைத் தட்டிப் பார்ப்போமே, அந்தச் சத்தம். ரூபா காலை ஊன்றிவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து மதில்மேல் உட்கார்ந்திருந்த புகைப்படக்காரர், “மேடம், இதர் தேக்கோ!” என்று கத்தினார். நான் திரும்பிப் பார்த்தேன். சிரித்தேன்.

அந்தப் படம் இன்னும் வீட்டு ஆல்பத்தில் இருக்கிறது. சூரஜ் போல் வாசலைத் தாண்டி, ஜலேப் சௌக் முற்றத்தில் எங்களை இறக்கிவிட்டதும் பாகன் கையை நீட்டினார். நூறு ரூபாய் கொடுத்தோம். ரூபா திரும்பிக் கீழே இறங்கிப் போனாள், அடுத்த இரண்டு பேரை ஏற்றிவர. நான் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் குழியைப் பற்றி அன்று ராத்திரி என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் பயணம் கெட்டுப்போகும் என்று ஒரு எண்ணம்.

சில வருஷம் கழித்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மலைப்பாதையில் யானைமேல் ஏற்றுகிற மொத்தப் பாரம் 200 கிலோவைத் தாண்டக் கூடாது என்று நம் நாட்டில் வரையறை இருக்கிறது. அன்றைக்கு நானும் அவரும் சேர்ந்து 136 கிலோ. பாகன் ஒல்லியான மனிதர், 55 என்றே வைத்துக்கொள்ளுங்கள். இதிலேயே 191 ஆகிவிட்டது. இரும்புச் சட்டம், மெத்தை, விரிப்பு, வயிற்றைச் சுற்றிக் கட்டிய கயிறு எல்லாம் இன்னும் கணக்கில் வரவில்லை. எங்களைவிடக் கனமான ஜோடிகள் எங்களுக்கு முன்னாலும் இருந்தார்கள், பின்னாலும் இருந்தார்கள். நான் கண்ணால் பார்த்தது ஏதோ ஒரு யானைக்கு, ஒரு நாள் நடந்தது என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். 2018இல் இந்திய விலங்குகள் நல வாரியத்தின் சார்பில் ஜெய்ப்பூரின் 102 யானைகளைச் சோதித்து ஓர் அறிக்கை கொடுத்தார்கள். பத்து யானைகளுக்குக் காசநோய் இருந்தது. பல யானைகளுக்குப் பார்வைக் கோளாறு, பல யானைகள் ஐம்பது வயதைத் தாண்டியவை. சுமை 200 கிலோவுக்கு மேல் போகிறது என்பதும் அந்த அறிக்கையில் இருந்தது.

காசநோய் என்றால் நமக்கு வருகிற அதே காசநோய். மனிதனிடமிருந்து யானைக்குப் போகும், யானையிடமிருந்து மனிதனுக்கும் வரும். குழந்தையைத் தும்பிக்கைக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுக்கிறவர்களிடம் இதை யாரும் சொல்வதில்லை.

“மரத்தையே இழுக்கிற பிராணிக்கு ரெண்டு ஆளைத் தூக்கறது பெரிய விஷயமா?” என்று என் மாமியார் கேட்டார். நியாயமான கேள்விதான். இழுப்பது வேறு, முதுகில் சுமப்பது வேறு. யானையின் முதுகெலும்பு வில்லாக மேல்நோக்கி வளைந்தது. ஒவ்வொரு எலும்பின்மேலும் ஒரு முள் மேலே பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும். அந்த முள்ளுக்கும் தோலுக்கும் நடுவே சதைப்பற்று குறைவு. அந்த இடத்தில்தான் இருக்கையைக் கட்டுகிறோம். காட்டில் வேலை பார்க்கிற பாகன் கழுத்தில், காதுக்குப் பின்னால் உட்காருவார். ஒற்றை ஆள், இருக்கை கிடையாது. சுற்றுலா யானைக்கு நடு முதுகில் சட்டம், அது நழுவாமல் இருக்க வயிற்றிலும் வால் அடியிலும் கயிறு. கயிறு உராய்கிற இடமெல்லாம் புண். அந்தப் புண்ணை மறைக்கத்தான் விரிப்பு அவ்வளவு நீளமோ என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

காலைப் பற்றியும் சொல்ல வேண்டும். பார்க்கத் தூண் மாதிரி இருந்தாலும் யானையின் பாதத்துக்குள் இருப்பது பஞ்சு மாதிரியான கொழுப்பு மெத்தை. காட்டு மண்ணுக்கு ஏற்ற பாதம் அது. தார் ரோட்டிலும் கல் பாவிய ஏற்றத்திலும் தினமும் நடந்து, மிச்ச நேரம் சங்கிலியோடு சிமெண்ட் தரையில் தன் மூத்திரத்திலேயே நின்றால் நகம் வெடிக்கும், பாதம் வெடிக்கும், உள்ளே சீழ் கட்டும். கட்டி வளர்க்கிற யானைகளைக் கொல்லும் நோய்களில் இந்தக் கால் நோய்க்கு முக்கியமான இடம் உண்டு.

குதிரைமேல் போகிறோம், மாட்டு வண்டியில் போகிறோம், யானை மட்டும் என்ன பாவம் செய்தது என்று அடுத்த கேள்வி வரும். குதிரையும் மாடும் ஆயிரக்கணக்கான வருஷமாக நம்மோடு பிறந்து, நாம் பொறுக்கி இனம் பெருக்கி, நம் வீட்டுப் பிராணிகளாகவே மாறிவிட்டவை. யானை அப்படி மாறவில்லை. பிடித்து வந்தோம், பழக்கினோம். அந்த யானை செத்தால் அடுத்ததைப் பிடித்தோம். இருபத்திரண்டு மாதம் வயிற்றில் சுமந்து ஒரு குட்டி போடுகிற பிராணியைத் தொழுவத்தில் வைத்துப் பெருக்கப் பெரும்பாலும் எவனுக்கும் பொறுமை இருந்ததில்லை. மைசூர்ப் பக்கம் காக்கன்கோட்டையில் ஆற்றங்கரையில் யானைக் கூட்டங்களை வளைத்து, வேலிக்குள் தள்ளிப் பிடித்தார்களே, கெட்டா என்று, அதுகூட 1971 வரை நடந்தது. ஆமேரில் நடக்கிற யானைகளில் பெரும்பாலானவை அஸ்ஸாம் மாதிரியான தூரத்து மாநிலங்களிலிருந்து வந்தவை. மழைக்காட்டுப் பிராணி ராஜஸ்தான் வெயிலில் நிற்கிறது. ஆக, பேருக்குத்தான் வளர்ப்பு யானை. உள்ளே இருப்பது காட்டு யானைதான்.

அந்தக் காட்டு யானை எப்படி நம்மை முதுகில் ஏற விடுகிறது?

இதற்குப் பதில் எனக்கு எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே கிடைத்தது. பொள்ளாச்சியிலிருந்து டாப்ஸ்லிப் ஏறி, அங்கிருந்து வனத்துறை வண்டியில் போனால் கோழிகமுத்தி முகாம். மலசர் இனத்துப் பாகன்கள் தலைமுறை தலைமுறையாக யானையோடு இருக்கிற இடம். சாயங்காலம் ராகிக்களியும் சோறும் கொள்ளும் வெல்லமும் சேர்த்துப் பிசைந்து உருண்டை உருண்டையாக வாய்க்குள் வைப்பார்கள். ராத்திரி யானைகளைச் சங்கிலி இழுபடக் காட்டுக்குள் மேய விட்டுவிட்டு, காலையில் அந்தச் சங்கிலித் தடத்தைப் பிடித்துப் போய்த் தேடிக் கூட்டி வருவார்கள். ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் அன்றைக்கு ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். கராலைப் பற்றிக் கேட்டேன். கரால் என்றால் பருத்த மரங்களை அடுக்கிக் கட்டிய கூண்டு. 2019இல் சின்னத்தம்பி யானையைப் பிடித்து வரகளியாறில் கராலுக்குள் விட்டதைத் தமிழ்நாடே டிவியில் பார்த்ததே, அதுதான்.

“மொத நாளு ஆன சாப்படாதுங்க. மரத்தப் போட்டு முட்டும், தும்பிக்கையால அடிக்கும். ராத்திரி பூரா கத்தும். அது கத்தறத நாங்களும் தூங்காம கேட்டுக்கிட்டே இருப்பமுங்க. அப்பறம் நாளாக நாளாக ஓஞ்சு போகும். ஒரு நாளு என்ர கையில இருந்து கரும்ப வாங்கும். அன்னைக்கு எனக்கு அழுகை வந்துருச்சுங்க. சந்தோசமானு கேட்டீங்கன்னா எனக்குச் சொல்லத் தெரியல.”

“இப்ப அது உங்க பேச்சக் கேக்கறது பாசத்துலயா, பயத்துலயாங்கய்யா?”

கொஞ்ச நேரம் பேசவில்லை. “ரெண்டுந்தானுங்க. பாசம் இருக்கறதனால நம்மள மோந்து பாக்கும், தடவிக் குடுக்கும். ஆனா மேல உக்கார விடுதில்லீங்களா, அது பயம். எந்தப் பயம் என்னைக்குக் கொறையும்னு அதுக்குத்தான் தெரியும்.”

இந்த முகாம் யானைகள் பயிரை மேய்ந்து, ஊருக்குள் வந்து, வேறு வழியில்லாமல் பிடிக்கப்பட்டவையும் காட்டில் வேலை பார்ப்பவையும். அவற்றைப் பழக்குவதே இவ்வளவு வலி என்றால், மூன்று நான்கு வயதுக் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து, நகர முடியாத சட்டத்துக்குள் நான்கு காலையும் கட்டி, தூங்க விடாமல், தீனி காட்டாமல், குத்தி அடித்து வழிக்குக் கொண்டுவருகிற முறையை என்ன சொல்வது? தாய்லாந்துப் பக்கம் அதற்கு ‘ஃபாஜான்’ என்று தனிப்பெயரே உண்டு. சுற்றுலாச் சவாரிக்கு நிற்கிற எந்த யானையும் ஏதோ ஒரு வகையில் இதைத் தாண்டி வந்ததுதான். ரூபாவின் தலைக்குழியில் கம்பி நுனியை வைத்தாலே போதும் என்று இருந்ததே, அதற்கு முன்னால் எத்தனை தடவை ஓங்கியிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். 2017இல் ஆமேர் போன அமெரிக்கச் சுற்றுலாப் பயணிகள் நான்கு பேர், முரண்டு பிடித்த ஒரு யானையைப் பல ஆட்கள் சேர்ந்து அடித்ததைப் பார்த்து வெளியே சொன்னார்கள். நான் சொல்லாததை அவர்கள் சொன்னார்கள்.

ஆபத்தைப் பற்றித் தனியாகப் பேச வேண்டியதில்லை, அது இதிலேயே இருக்கிறது. பயத்தால் நிற்கிற பிராணிமேல் பிள்ளையை உட்கார வைக்கிறோம். பயம் விட்டுப்போகிற நிமிஷத்தில் கம்பியும் சங்கிலியும் ஒன்றுமே செய்யாது.

ஆமேரில் 2024 பிப்ரவரி 13 அன்று அந்த நிமிஷம் வந்தது. கௌரி என்ற பெண் யானை, எண் 86, கோட்டையில் ஒரு ரஷ்யப் பெண்ணைத் தும்பிக்கையால் பிடித்துச் சுழற்றித் தரையில் அடித்தது. அவர் கால் முறிந்தது. இதே கௌரி 2022 அக்டோபரில் ஒரு கடைக்காரரைத் தாக்கி அவருக்கு விலா எலும்புகள் உடைந்திருந்தன. அதற்குப் பிறகும் கௌரி கோட்டைக்கு வேலைக்கு வந்துகொண்டிருந்தது. ஆமேர் யானைகளில் அநேகமாக எல்லாமே பெண் யானைகள். மதம் பிடிப்பது ஆண் யானைக்குத்தான், அதனால் பெண் யானை சாது என்று வழிகாட்டிகள் தைரியம் சொல்வார்கள். கௌரிக்கு மதம் ஒன்றும் பிடிக்கவில்லையே.

தாய்லாந்தின் கோ சமுய் தீவில் 2016 பிப்ரவரி 1 அன்று தன் துணைவியின் மகளோடு யானைமேல் போன பிரிட்டன்காரர் ஒருவரை யானை கீழே தள்ளி மிதித்துக் கொன்றது. பாகனும் தாக்கப்பட்டார். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். 2024 ஜூனில் இடுக்கி மாவட்டத்தில் அடிமாலிக்குப் பக்கத்துக் கல்லாறில், சுற்றுலாச் சவாரி நடத்துகிற ஓர் இடத்தில் யானை தன் பாகனையே மிதித்துக் கொன்றது. மூணாறுக்குப் போகிற நம் ஆட்கள் வண்டியை நிறுத்தி இறங்குகிற சாலை அது. அதே வருஷம் நவம்பரில் திருச்செந்தூர்க் கோயில் யானை தெய்வானை, தன் பாகனையும் அவருடைய உறவினரையும் கொன்றது. தெய்வானைக்கு யாரையும் சுமக்கிற வேலை இல்லை. கோயிலுக்கு வருகிறவர்கள் அதைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு பழகிய யானைக்கே அப்படி ஒரு நிமிஷம் வந்தது.

இன்னொரு விஷயம் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு. அந்த இருக்கையில் ஒரு கம்பி குறுக்கே இருக்கும், அதுதான் காவல். எட்டு ஒன்பது அடி உயரம், கீழே கல். ஒரு நாய் குரைத்தாலும், கல்யாண ஊர்வலத்தில் வெடி போட்டாலும் யானை மிரண்டு ஓடலாம். ஓட ஆரம்பித்தால் இறங்க வழியில்லை. பைக்கில் போனால் தலைக்கவசம் போடு என்று பிள்ளையை அதட்டுகிறவர்கள் இங்கே ஏற்றிவிட்டு, கீழே நின்று வீடியோ எடுக்கிறார்கள்.

வெயில். யானைக்கு நம்மைப் போல வேர்க்காது, கால் நகங்களைச் சுற்றித்தான் வேர்வைச் சுரப்பி. காதை விசிறிக்கொள்வதும், நிழலுக்குப் போவதும், தண்ணீரையும் சேற்றையும் மேலே வாரிப் போட்டுக்கொள்வதும்தான் உடம்பைத் தணிக்க அதற்குத் தெரிந்த வழி. முதுகில் மெத்தையைக் கட்டி நிழல் இல்லாத பாதையில் நடக்க விட்டால் இதில் காதைத் தவிர எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டதாகிறது. கம்போடியாவில் அங்கோர் வாட் போனவர்களுக்கு சம்போவின் கதை தெரிந்திருக்கும். 2016 ஏப்ரல், நாற்பது டிகிரிக்கு மேல் வெயில், நாற்பது வயதைத் தாண்டிய அந்தப் பெண் யானை அன்று காலை இரண்டு பேரைச் சுமந்துவிட்டுத் திரும்புகிற வழியில் சாலை ஓரத்திலேயே விழுந்து செத்தது. படுத்துக் கிடந்த சம்போவின் படம் உலகம் பூராவும் போனது. அதற்குப் பிறகு ஒரு நல்லது நடந்தது. அங்கோரில் சவாரியை நிறுத்தப்போவதாக அறிவித்து, 2019 கடைசியில் மிச்ச யானைகளையும் போஸ் தோம் என்ற சமூகக் காட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பாகன்களும் யானைகளோடு அங்கே போனார்கள்.

இந்தக் கடைசி வாக்கியம்தான் எனக்கு முக்கியம். சவாரியை எதிர்த்து எழுதுகிறவர்கள் பாகனை வில்லனாக்கிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ரூபாவின் தலையில் ஓங்கிய மனிதர்மேல் எனக்கு இன்னமும் கோபம் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் பல இடங்களில் யானை பாகனுடையது கிடையாது. முதலாளி வேறு, பாகன் மாதச் சம்பளக்காரர். அத்தனை சவாரி முடித்தால்தான் அன்றைய கூலி. யானை மிரண்டால் முதலில் சாகப்போவது அவர். கழுத்தில் உட்கார்ந்திருப்பது அவர்தானே. வரிசையில் நின்ற நாங்கள் அவசரப்பட்டோம், அவர் அவசரப்பட்டார், ரூபா அடி வாங்கினாள்.

ஜெய்ப்பூரில் ஹாத்தி காவ் என்று யானைகளுக்காகவே அரசு ஒரு கிராமம் கட்டியிருக்கிறது. ராகுல் மெஹ்ரோத்ரா என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தது. மணல் அள்ளி நாசமாய்ப் போன நிலத்தில் மழைத்தண்ணீரைத் தேக்கி, குளம் வெட்டி, மரம் வளர்த்து, நூறு யானைகளுக்கும் பாகன் குடும்பங்களுக்கும் கொட்டிலும் வீடும் கட்டினார்கள். இடம் இருக்கிறது, குளம் இருக்கிறது, யானையைத் தெரிந்த மனிதர்கள் இருக்கிறார்கள். காலையில் கோட்டைக்கு ஏறாமலே அந்த யானைகள் அங்கே இருக்க முடியும். அதற்கான செலவை யார் தருவது என்பதுதான் கேள்வி. ஒரு யானை ஒரு நாளைக்கு 150 கிலோவுக்கு மேல் தின்னும். யானையைக் கட்டித் தீனி போட முடியுமா என்று சும்மாவா சொன்னார்கள்? கொரோனா வந்து 2020இல் சுற்றுலா நின்றபோது இந்தக் கேள்வி எல்லா ஊரிலும் ஒரே நேரத்தில் வந்தது. தாய்லாந்தில் சியாங் மாய் சுற்றுவட்டார முகாம்களிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட யானைகளைப் பாகன்கள் நடத்தியே தங்கள் மலைக் கிராமங்களுக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே புல்லாவது இருக்கும் என்று. என்னைக் கேட்டால், கோட்டையின் நுழைவுக் கட்டணத்திலேயே யானைகளுக்கும் பாகன்களுக்கும் ஒரு பங்கு எடுக்கலாம். நான் மனதாரக் கொடுப்பேன். புதிதாக ஒரு யானையைக்கூடக் கொண்டுவராமல், இருக்கிற யானைகள் இருக்கிறவரை பாகன்களுக்கு அவற்றைப் பார்த்துக்கொள்கிற வேலையைச் சம்பளத்தோடு கொடுக்கலாம்.

இலங்கையில் 2021இல் வளர்ப்பு யானைகளுக்கு விதிமுறை கொண்டுவந்தார்கள். நாளைக்கு நாலு மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, இரவு வேலை கூடாது, இரண்டரை மணி நேரக் குளியல் கட்டாயம், பாகன் குடித்துவிட்டு வேலைக்கு வரக் கூடாது. எல்லாம் நல்ல விஷயம். ஆனால் ஒரு யானைமேல் நாலு பேர் வரை ஏறலாம் என்பதையும் அதே விதியில் எழுதி வைத்தார்கள்.

சவாரி பாவம் என்று தெரிந்தவர்களுக்காக இப்போது வேறொன்று வந்திருக்கிறது. யானையைக் குளிப்பாட்டலாம், வாழைப்பழம் ஊட்டலாம், உடம்பில் வண்ணம் தீட்டலாம். நல்ல மனசோடு நிறையப் பேர் போகிறார்கள். ஒன்று யோசியுங்கள்: முன்பின் தெரியாத இருபது பேர் தண்ணீருக்குள் வந்து மேலே தேய்க்கும்போது அசையாமல் நிற்கிற யானையும் அதே பயத்தில் நிற்கிற யானைதான். 2025 ஜனவரியில் தாய்லாந்தில் ஒரு தீவில் யானையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஸ்பெயின் நாட்டு மாணவி, யானை தாக்கி இறந்துபோனார். தொடவே விடாத, தூரத்தில் நிறுத்திக் காட்டுகிற இடம் இருந்தால் அங்கே போங்கள்.

சரி தம்பி, உன் கேள்விக்கு வருகிறேன். ஆமேருக்குக் கட்டாயம் போ. அப்படியொரு கோட்டை, பிள்ளைகள் பார்க்க வேண்டும். கீழே இறங்கி, தோட்டத்தைத் தாண்டிப் படிக்கட்டு வழியாக நடந்தால் பதினைந்து நிமிஷத்தில் மேலே போய்விடலாம். சித்திக்கு முட்டி வலி என்றால் பின்பக்கமாக ஜீப் போகிறது. பிள்ளைகள் யானையைப் பார்த்து அடம்பிடிப்பார்கள். அப்போது இறக்கிவிடுகிற முற்றத்தில் கொஞ்ச நேரம் நிற்கவை. யானையின் நெற்றியைப் பார்க்கச் சொல்லாதே, காதின் ஓரத்தையும் உச்சந்தலையையும் கால் நகத்தையும் பார்க்கச் சொல். பெரியவனுக்குப் பத்து வயசாகிறது, அவனுக்கே புரியும். யாராவது யானையை அடிப்பதைப் பார்த்தால் படம் எடுத்து வை, நாள் நேரம் குறித்து வை. நான் விட்டது அதைத்தான்.

அவர்களுக்கு யானை காட்டியே ஆக வேண்டும் என்றால் ஊர் திரும்பியதும் இங்கே வா. வால்பாறைக்குப் போவோம். போன நவம்பரில் நாங்கள் போயிருந்தபோது, டீக்கடையில் நின்ற எஸ்டேட் அக்கா ஒருவர் தன் போனைக் காட்டினார். யானைக் கூட்டம் எந்த எஸ்டேட் பக்கம் நிற்கிறது என்று அங்கே எல்லாருக்கும் குறுஞ்செய்தி வந்துவிடுகிறது. ராத்திரி வேலை முடிந்து வருகிறவர்கள் இருட்டில் போய் யானைமேல் முட்டிக்கொள்ளக் கூடாது என்று செய்த ஏற்பாடு. “அந்தப் பக்கம் போவாதீங்க, இங்கேருந்தே தெரியும்” என்று கை காட்டினார். ரோட்டோரத்தில் இரண்டு மணி நேரம் நின்றோம். என் பெண் பிஸ்கட் பாக்கெட் ஒன்றைக் காலி செய்துவிட்டாள்.

நாலரை மணி வாக்கில் தேயிலைச் சரிவில் அசைவு தெரிந்தது. ஆறு யானைகள். ஓடையைத் தாண்டிச் சோலைக்குள் போக வேண்டும். கரை மழையில் ஊறிக் கிடந்தது. முன்னால் வந்த பெரிய பெண் யானை ஒரு முன்னங்காலைத் தூக்கிச் சேற்றின்மேல் வைத்துத் தடவிப் பார்த்தது. எடுத்தது. கொஞ்சம் தள்ளி மறுபடி வைத்துப் பார்த்தது. அதன் வயிற்றுக்கடியில் ஒரு குட்டி. பின்னால் நான்கு யானைகள், எதுவும் இடிக்கவில்லை, அப்படியே நின்றன. மூன்றாவது முறை வைத்த இடத்தில் மண் பிடித்துக்கொண்டதோ என்னவோ, அது தன் கனத்தை மெதுவாக அந்தக் காலில் இறக்கியது. அதற்கப்புறம் மற்றவை ஒவ்வொன்றாக அதே தடத்தில் இறங்கின.